பிள்ளை வருமுன்னே: வளர்ப்புப் பராமரிப்புக்கு அக்காவின் டிப்ஸ்

"அக்கா, இல்லத்துப் பிள்ளை ஒண்ணை எங்க வீட்டில் வெச்சு வளர்க்கலாம்னு இருக்கோம்" என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "திருப்பிக் கேட்டால் கொடுப்பியா?" பதில் வரத் தாமதமானால், காபியைக் கொடுத்து, இன்னும் ஒரு வாரம் யோசித்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன். தத்தெடுத்தால் பிள்ளை உன்னுடையது. வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளை உன் பொறுப்பு, அவ்வளவுதான். பெற்றவர்கள் நிமிர்ந்து உட்காரும் வரைக்குமோ, குழந்தைகள் நலக் குழு சொல்லும் காலம் வரைக்குமோ நீ பார்த்துக்கொள்கிறாய். இதில் தெளிவு இருந்தால் மேலே படி.

1. குறுக்கு வழியில் போகாதே. 2021 கொரோனா சமயத்தில் "தாய் தகப்பன் இல்லாத பச்சைக் குழந்தை இருக்கு, வேண்டியவங்க கூப்பிடுங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது ஞாபகம் இருக்கா? அப்படிப் பிள்ளையைக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தெரிந்த நர்ஸ், கோயில் வாசல், தூரத்து உறவு என்று எந்த வழியில் தகவல் வந்தாலும் 1098-க்குப் போன் போடு.

2. நேரே உன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போ. ஆன்லைன் பதிவு, வீட்டு ஆய்வு, கடைசியில் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு என்று வரிசையாக நடக்கும். உத்தரவு கைக்கு வராமல் பிள்ளையை ஒரு ராத்திரிகூட வீட்டில் தங்க வைக்காதே.

3. தகுதியை முதலிலேயே பார்த்துக்கோ, வீணாக அலையாதே. 2024-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி தம்பதி என்றால் கல்யாணமாகி 2 வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கணும், இருவர் வயதையும் கூட்டினால் 70-க்குக் குறையக் கூடாது. தனியாக இருப்பவர்களும், 35 வயதானால், கேட்கலாம். ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். வருவது 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை. தொட்டிலைத் தூசி தட்டாதே.

4. ஆதார், வருமானச் சான்று, கல்யாணச் சான்று, மருத்துவச் சான்று எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒரே ஃபைலில் போடு. வீட்டு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று சுண்ணாம்பு அடிக்காதே. மாமியாரோடு சண்டை, கடன், சர்க்கரை வியாதி, எது கேட்டாலும் உள்ளதைச் சொல். மறைத்தது பிறகு தெரிந்தால் உன்மேல் நம்பிக்கை போய்விடும்.

5. முதல் வாரம்தான் எல்லோரும் சொதப்புகிற இடம். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்காதே. புதுத் துணி வாங்கிய கையோடு பழைய பையைத் தூக்கிப் போடாதே. அந்தக் கிழிந்த பையில்தான் அதன் இத்தனை நாள் வாழ்க்கை இருக்கு. "அம்மான்னு கூப்பிடு" என்று கட்டாயப்படுத்தாதே. அதுக்கு அம்மா இருக்கலாம். அத்தை, பெரியம்மா, எது வாயில் வருதோ அதற்குத் திரும்பிப் பார்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த பிள்ளை தலையணைக்குக் கீழே பிஸ்கட் ஒளித்து வைத்தான். எறும்பு மொய்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன். திருட்டுப் புத்தி என்று திட்டிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கும். பசி பார்த்த பிள்ளைக்கு நாளைக்குச் சோறு கிடைக்குமா என்ற பயம், வேறொன்றும் இல்லை. மூடி போட்ட டப்பா ஒன்றில் முறுக்கு, கடலை மிட்டாய் போட்டு, கைக்கு எட்டும் தட்டில் வை. "இது உன்னோடது, கேட்காமலே எடுக்கலாம்" என்று சொல். அவன் ஒளித்து வைப்பதை நிறுத்த மூன்று மாதம் ஆச்சு. படுக்கை நனைந்தாலும் இதே கதைதான். ரப்பர் ஷீட் போடு, காலையில் சத்தமில்லாமல் மாற்று, எதிர்வீட்டில் சொல்லாதே.

6. ஸ்டேட்டஸில் பிள்ளையின் போட்டோ போடவே போடாதே. இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டம் தடை போட்டிருக்கு. "யார் பெத்ததோ" என்று வாசலில் நின்று ஆராயும் உறவுக்கும் அதே பதில்: "எங்க வீட்டுப் பிள்ளை, உள்ளே வந்து காபி குடிங்க."

7. டி.சி. வரவில்லை, வயதுச் சான்று இல்லை என்று பள்ளியில் திருப்பி அனுப்பினால் தலையைக் குனிந்துகொண்டு வராதே. எட்டாம் வகுப்பு வரைக்கும் இந்தக் காரணங்களைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

8. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. அதை நம்பிக் குடும்பக் கணக்குப் போடாதே, பணம் வரத் தாமதமாகலாம். வந்ததும் செலவானதும் தனி நோட்டில் எழுது.

9. உதவியை அழுகை வருமுன்னே தேடிக்கோ. குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர் இருக்கார். முதல் மாதமே போய் முகத்தைக் காட்டி, போன் நம்பர் வாங்கு. ஆய்வுக்கு வருபவர்களிடம் "எல்லாம் நல்லா இருக்கு" என்று மழுப்பாதே. ராத்திரி பூராவும் அழுகிறான் என்றால் அழுகிறான் என்றே சொல்.

பேரன் பேத்தியைத் தனியாக வளர்க்கும் பாட்டிமார் யாராவது உன் தெருவில் இருந்தால் அவர்களையும் அங்கே கூட்டிப் போ. தமிழக அரசு 2025-இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த ஏழைப் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். நிறையப் பேருக்குக் கேட்கவே தெரியாது.

10. பெற்ற அம்மா பார்க்க வந்தால் முகத்தைத் திருப்பாதே. அவள் குடித்தவளோ, கைவிட்டவளோ, பிள்ளை முன்னால் ஒரு வார்த்தை குறையாகப் பேசாதே. அவளைத் திட்டினால் தன்னையே திட்டியதாகப் பிள்ளை எடுத்துக்கும்.

11. திரும்பிப் போகும் நாள் வந்தால், மருத்துவச் சீட்டு, மார்க் ஷீட், போட்டோக்கள், அந்தப் பழைய பை எல்லாவற்றையும் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து கட்டு. முறுக்கு டப்பாவையும் நிரப்பிக் கொடு. தலையணை உறையைத் துவைக்காமல் அனுப்பு, புது இடத்தில் தூக்கம் வர அந்தப் பழகிய வாசனை வேணும்.