வீட்டுப் பூனையும் சிறுத்தைக் குட்டியும்: ஒரு வைரசு நோய் பற்றிய பாடம்

தொற்றுநோய்கள் பற்றிய வினாக்களுக்கு மாணவர்கள் பெரும்பாலும் டெங்கு, கொவிட்-19 ஆகியவற்றையே உதாரணமாக எழுதுகின்றனர். அவை சரியானவையே. எனினும் விலங்குகளைத் தாக்கும் ஒரு நோயைக் கற்பதன் மூலம் வைரசு, நீர்ப்பீடனம், தடுப்பூசி, விகாரம் ஆகிய நான்கையும் ஒருசேர விளங்கிக்கொள்ளலாம். இப்பாடத்தில் பூனைகளின் பான்லியூக்கோபீனியா நோயை நோக்குவோம்.

1. பெயரும் நோயாக்கியும்

இது கிரேக்கச் சொற்களால் அமைந்த பெயர். பான் என்றால் எல்லாம், லியூக்கோ என்றால் வெள்ளை, பீனியா என்றால் குறைவு. அதாவது, குருதியிலுள்ள எல்லா வகை வெண்கலங்களும் குறைந்துபோகும் நோய். நோயாக்கி பார்வோ வைரசு வகையைச் சேர்ந்தது. இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரசே என்பதை 1928இல் பிரான்சில் வேர்ஜ், கிறிஸ்டோபொரோனி ஆகிய இருவரும் காட்டினர்.

2. உடலில் நிகழ்வது யாது?

இந்த வைரசு மிகச் சிறியது. தன் டி.என்.ஏ.யைப் பெருக்குவதற்குப் பிரிவடைந்துகொண்டிருக்கும் கலம் ஒன்று அதற்குத் தேவை. ஆகவே விரைவாகக் கலப்பிரிவு நடைபெறும் இடங்களையே அது தாக்குகின்றது.

அ) என்பு மச்சை – வெண்கலங்கள் உருவாவது குறைகின்றது. எதிர்ப்புச் சக்தி வீழ்கின்றது.
ஆ) சிறுகுடலின் உட்படை – வாந்தியும் வயிற்றோட்டமும் ஏற்பட்டு உடல் நீரை இழக்கின்றது.
இ) கருவிலுள்ள குட்டியின் மூளி – பிறந்த குட்டி தள்ளாடி நடக்கும்.

நோயரும்பு காலம் பொதுவாக 2 முதல் 10 நாட்களாகும். தடுப்பூசி பெறாத குட்டிகளிடையே நோய் கடுமையாகும்போது 90 சதவீதம் வரை இறக்கலாம். வைரசை நேரடியாக அழிக்கும் உறுதியான மருந்து இல்லை. இழந்த நீரை ஈடுசெய்வதும், பற்றீரியாத் தொற்றைத் தடுப்பதுமே சிகிச்சை.

3. பரவும் முறை

நோயுற்ற பூனையின் மலம், வாந்தி, உமிழ்நீர் ஆகியவற்றில் வைரசு வெளியேறும். இரு பூனைகள் சந்திக்க வேண்டியதில்லை. செருப்பு, உணவுத் தட்டு, கூடு, பராமரிப்பவரின் கை ஆகியவையே அதைக் காவிச் செல்லப் போதுமானவை. தகுந்த சூழலில் ஓராண்டு வரையும் அது அழியாதிருக்கும்.

கொவிட்-19 வைரசின் வெளியே கொழுப்புறை உண்டு. சவர்க்காரம் அதைச் சிதைத்துவிடும். பார்வோ வைரசுக்கு அத்தகைய உறை இல்லை. ஆகவே சவர்க்காரமும் அற்ககோலும் அதை அழிக்கப் போதா. முதலில் அழுக்கைக் கழுவியகற்றி, பின்னர் வீட்டில் பயன்படுத்தும் குளோரீன் வெளிற்றும் திரவம் 1 பங்கை நீர் 32 பங்குடன் கலந்து, 10 நிமிடம் ஊறவிட வேண்டும்.

4. பன்னேர்கட்டா நிகழ்வு, 2023

இந்தியாவின் பெங்களூருக்கு அருகேயுள்ள பன்னேர்கட்டா உயிரியற் பூங்காவில் 2023 ஓகஸ்ட் 22ஆம் திகதி இந்நோய் தென்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுள் ஏழு சிறுத்தைக் குட்டிகள் இறந்தன. அவை 3 முதல் 8 மாத வயதுடையவை, தடுப்பூசியும் பெற்றிருந்தன.

அப்படியாயின் தடுப்பூசி பயனற்றதா? இல்லை. தடுப்பூசி நோய்வரும் வாய்ப்பைப் பெருமளவு குறைக்கும். ஆனால் ஒவ்வொரு விலங்கிலும் அது முழுப் பயன் தரும் என்பதற்கு உறுதியில்லை. குட்டிகளில் ஒரு சிறப்புக் காரணமும் தொழிற்படலாம். தாயின் சீம்பாலில் கிடைத்த பிறபொருளெதிரிகள் தடுப்பூசியிலுள்ள வைரசையும் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. இதனாலேயே பூனைக்குட்டிகளுக்கு 6 – 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் அல்லது அதற்கு மேல் ஆகும்வரை 3 – 4 வாரத்துக்கு ஒரு முறை தடுப்பூசி ஏற்றப்படுகின்றது.

5. வைரசு மாறுமா?

மாறும். 1978 அளவில் நாய்களிடையே புதிய பார்வோ நோயொன்று தோன்றி, ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. அதன் மரபுப்பொருளை ஆராய்ந்தபோது, பூனை வைரசையோ அதன் நெருங்கிய உறவையோ மூலமாகக் கொண்டு, சில விகாரங்களால் அது தோன்றியதெனத் தெரியவந்தது. வெளிப்புறப் புரதத்தில் ஏற்பட்ட சிறு மாற்றம், நாயின் கலத்தினுள் நுழையும் வழியைத் திறந்துவிட்டது.

6. எமது மாவட்டத்தில் இதன் முக்கியத்துவம்

இலங்கையின் காடுகளில் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு இனங்கள் வாழ்கின்றன. அவை சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை என்பனவாகும். இலங்கைச் சிறுத்தை வேறெந்த நாட்டிலும் இல்லாத துணையினம். அம்பாறை மாவட்டத்தின் கல்லோயா, குமண காடுகளிலும் சிறுத்தைகள் உள்ளன.

கல்முனை முதல் பொத்துவில் வரை பூனை இல்லாத மீன்சந்தை இல்லை. வேண்டாத குட்டிகளை உரப்பையில் போட்டு வயலோரத்திலோ குளக்கரையிலோ விட்டுவருவோரும் உளர். காட்டுப் பூனையும் மீன்பிடிப் பூனையும் இரை தேடுவது அத்தகைய இடங்களிலேயே. நோயுற்ற குட்டி ஒன்றை அங்கு விடுவது, வைரசைக் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி ஏற்றுவதும், அதற்குக் கருத்தடை செய்விப்பதும் காட்டு விலங்குகளையும் பாதுகாக்கும்.

குறிப்பு: பான்லியூக்கோபீனியா மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பூனை கடித்தால் விசர் நோய் தொற்றக்கூடும். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

மாதிரி வினாக்கள்

1. இவ்வைரசு என்பு மச்சையையும் சிறுகுடலையும் தாக்குவதற்குக் காரணம் யாது?
விடை: அவ்விடங்களில் கலப்பிரிவு விரைவாக நடைபெறுவதால், வைரசு அங்கு பெருகமுடிகின்றது.

2. சவர்க்காரம் கொவிட்-19 வைரசைச் சிதைக்கின்றது, பார்வோ வைரசைச் சிதைப்பதில்லை. விளக்குக.
விடை: முதலாவதற்குக் கொழுப்புறை உண்டு, இரண்டாவதற்கு இல்லை.

3. பூனைக்குட்டிக்கு ஒரே தடவையில் தடுப்பூசியை முடித்துவிடாதது ஏன்?
விடை: தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள் தடுப்பூசியின் பயனைத் தடுக்கலாம். அவை எந்த வாரத்தில் போதிய அளவு குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும்.

4. (சுயமாக எழுதுக) நோயுற்ற பூனைக்குட்டி ஒன்று வயலோரத்தில் விடப்பட்டால், வைரசு காட்டுப் பூனையைச் சென்றடையக்கூடிய இரு வழிகளை எழுதுக.