திசு மீளுருவாக்க ஆய்வாளரும் அமெரிக்கக் குடிநுழைவும்

முன்னுரை

பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் வளர்கிறது. நம் முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தால் அவ்வாறு வளர்வதில்லை. அதில் இரத்தக் குழாய்கள் இல்லாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இத்தகைய திசுக்களை மீண்டும் வளரச் செய்யும் வழிகளை ஆராய்வதே திசு மீளுருவாக்க இயல். ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யாமானாக்கா 1993இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கிளாட்ஸ்டோன் ஆய்வுக்கழகத்தில் சேர்ந்து, பின்னர் நாடு திரும்பினார். முதிர்ந்த உயிரணுவை மூல உயிரணுவாக மாற்றும் முறையை 2006இல் வெளியிட்டார். 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவரைப்போல் அமெரிக்கா செல்ல விரும்பும் மாணவர்கள் நம்மிடையேயும் உள்ளனர். எந்த விசாவில் நுழைகிறோம் என்பது பின்னாளில் அங்கே தங்க முடியுமா என்பதையும் தீர்மானிக்கக்கூடும். எனவே, அவ்வழிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

ஜே-1 விசா

முனைவர் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வாளர்கள் பலர் இவ்விசாவில்தான் செல்கின்றனர். ஆனால், அப்பயணத்துக்கு நம் அரசாங்கமோ அமெரிக்க அரசாங்கமோ பணம் கொடுத்திருந்தால், 'இரண்டாண்டு விதி' பொருந்தும். தாயகம் திரும்பி மொத்தம் 2 ஆண்டுகள் வாழும்வரை எச்-1பி விசாவோ நிரந்தரவாசமோ பெற இயலாது. விலக்குக் கோரலாம்; தாயக அரசாங்கத்தின் ஆட்சேபமில்லைக் கடிதம் அதற்கு ஒரு வழி. எனக்குத் தெரிந்த மூத்த மாணவர் ஒருவர், விசாவில் அச்சிட்டிருந்த குறிப்பைப் படித்தபோதுதான் இவ்விதியை அறிந்தார். அதற்குள் உபகாரச் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார்.

எச்-1பி விசா

இது ஆண்டுக்கு 65,000 பேருக்கும், அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ பட்டம் பெற்ற மேலும் 20,000 பேருக்கும் வழங்கப்படுகிறது. பல்கலைக்கழகங்களும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களும் இவ்வரம்புக்கு உட்பட்டவை அல்ல என்பது ஆய்வாளர்களுக்குச் சாதகம். ஆயினும், 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்போருக்கான புதிய மனுக்களுக்கு 100,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஆண்டுக்கு 5,400 எச்-1பி1 விசாக்கள் தனியே உள்ளன. மலேசியர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

நிரந்தரவாசம்

முதலாளியின் துணையின்றி நாமே மனுச்செய்யக்கூடிய வழிகள் இரண்டு.

முதலாவது, 'அசாதாரணத் திறன்' பிரிவு. பரிசுகள், மூலப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், பிறர் ஆய்வை மதிப்பிடுதல் முதலான 10 அளவுகோல்களில் குறைந்தது 3 நிறைவுபெற வேண்டும். அதன்பின் மொத்தச் சாதனையும் எடைபோடப்படும்.

இரண்டாவது, 'தேசிய நலன் விலக்கு'. 2016இல் வெளியான தானசார் தீர்ப்பின்படி மூன்று கேள்விகளுக்கு விடை தேவை. மேற்கொள்ளும் பணிக்குத் தகுதியும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை நிறைவேற்றும் நிலையில் மனுதாரர் உள்ளாரா? வேலை வாய்ப்புக் கடித நிபந்தனையை அவருக்குத் தளர்த்துவது நாட்டுக்கு நன்மையா? இங்கே பலர் தவறுவது முதல் கேள்வியில்தான். "மூட்டுவாதம் கோடிக்கணக்கானோரை வாட்டுகிறது" என்பது துறையின் பெருமை. தாம் உருவாக்கும் குருத்தெலும்புச் சட்டகம் தம் ஆய்வுக்கூடத்துக்கு அப்பால் என்ன பயன் தரும் என்பதையே மனுதாரர் காட்ட வேண்டும்.

பிறந்த நாடு

வேலை அடிப்படையிலான நிரந்தரவாச இடங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 140,000. பொதுவாக, ஒரு நாட்டில் பிறந்தோருக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது. இதனால் இந்தியாவில் பிறந்தோர் இரண்டாம் பிரிவில் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருக்கின்றனர். இவ்வரிசை வம்சாவளியையோ குடியுரிமையையோ பார்ப்பதில்லை. பிறந்த மண்ணையே பார்க்கிறது. ஈப்போவில் பிறந்த தமிழர் மலேசியாவின் கணக்கில் சேர்வார். கணவன் மனைவியருள் ஒருவர் இந்தியாவில் பிறந்திருந்தாலும் மற்றவரின் பிறந்த நாட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முடிவுரை

சட்டங்கள் மாறக்கூடியவை, மனுச்செய்யும்போது அன்றைய விதிகளைச் சரிபார்ப்பது அவசியம். ஆனால், பயணத்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வியை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே கேட்டுவிட வேண்டும். கட்டுரைகளையும் மதிப்பீட்டுக் கடிதங்களையும் முனைவர் பட்டக் காலத்திலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும். நாடு திரும்புவது தோல்வியன்று. யாமானாக்கா திரும்பிய பின்னரே சாதித்தார். ஆனால் திரும்புவதும் தங்குவதும் நாம் அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.