செபாங் போய்த் திரும்பி வரவேண்டிய கார்

சிங்கப்பூரில் 2008 முதல், 2020, 2021 நீங்கலாக, ஆண்டுதோறும் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கிறது. ஆனால் நம் காரை நாமே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க இந்தத் தீவில் நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. மரினா பே தடம் பந்தயம் முடிந்ததும் பேருந்தும் டாக்சியும் ஓடும் சாலையாக மாறிவிடும். 1961இலிருந்து 1973 வரை கிராண்ட் பிரீ நடந்த அப்பர் தாம்சன் சாலை இன்று மரங்கள் சூழ்ந்த சாதாரணச் சாலை. சாங்கியில் ஒரு தடம் கட்டும் திட்டம் வந்தது, அதுவும் கைவிடப்பட்டது.

ஆகவே தேக்காவில் இருக்கும் ஒருவர் ‘டிராக் டே’ போகிறேன் என்றால், விடியுமுன் கிளம்பி, துவாஸ் இரண்டாம் இணைப்பைத் தாண்டி, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓட்டி, நீலாய் வழியாகத் திரும்பி, கோலாலம்பூர் விமான நிலையத்தை ஒட்டிய செபாங் தடத்துக்குப் போகிறார் என்று பொருள். பகலெல்லாம் அந்தக் காரை விரட்டிவிட்டு, இரவு அதே காரில், அதே டயரில், அதே பிரேக்கில் வீடு திரும்ப வேண்டும். நமக்குப் பந்தயத் தடமும் நெடும்பயணமும் வேறு வேறு தேவைகள் அல்ல. இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. அதனால் எந்தக் கார் வேகமாகச் சுற்றும் என்பதைவிட, எந்தக் கார் சுற்றி முடித்துப் பத்திரமாகத் திரும்பி வரும் என்பதே இங்கே முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி போர்ஷே காரில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, போர்ஷே வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் அந்தக் கார்கள் லாரியில் வந்து லாரியில் போகிறவை. நம் கார் தன் காலிலேயே போய் வரவேண்டும்.

எடையிலிருந்து தொடங்குங்கள்

செபாங் 1999இல் திறக்கப்பட்டது. 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்பாதைகள் அடுத்தடுத்து கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே கொண்டை ஊசிபோல் ஒரு திருப்பம். ஒரு நேர்பாதையின் முடிவில் உச்ச வேகத்திலிருந்து கடுமையாக பிரேக் பிடித்துத் திரும்பினால், உடனே அடுத்த நேர்பாதை. அதன் முடிவில் முதல் வளைவுக்காக மறுபடி அதே அழுத்தம். டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. மேலே வெயில், கீழே கொதிக்கும் தார். சக்தி குறைந்த காரில் அங்கே சிரமப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பிரேக் மிதி தரைவரை இறங்கி முகம் வெளுத்துப் பிட்டுக்குத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கார் எவ்வளவு கனமோ, அதை நிறுத்துவதற்கு அவ்வளவு வெப்பத்தை பிரேக் விழுங்க வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்–5 ஏறக்குறைய 1,050 கிலோ. டொயோட்டா ஜிஆர்86 சுமார் 1,270. ஹோண்டா சிவிக் டைப் ஆர் சுமார் 1,430. பிஎம்டபிள்யூ எம்2 1,700க்கு மேல். மின்சாரக் காரான ஹியுண்டாய் ஐயோனிக் 5 என் 2,200 கிலோவைத் தொடும். இந்த ஐந்து எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், குதிரைசக்திப் பட்டியலின் மயக்கம் பாதி கலைந்துவிடும்.

கனமான காருக்கு டயர் செலவும் கூடும். எம்எக்ஸ்–5இன் 17 அங்குலச் சக்கரத்துக்கு 205 மில்லிமீட்டர் அகல டயர் போதும். டைப் ஆர் 19 அங்குலத்தில் 265 கேட்கிறது. எம்2வுக்கு முன்னால் 275, பின்னால் 285. ஆண்டுக்கு நான்கு முறை தடத்துக்குப் போகிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

சான்றிதழும் வரியும்

இங்கே பேசும் கார்கள் எல்லாமே வாகன உரிமைச் சான்றிதழின் ‘பி’ பிரிவில் வருபவை. பெட்ரோல் கார் 1,600 சிசியைத் தாண்டினாலோ 97 கிலோவாட்டைத் தாண்டினாலோ ‘பி’தான். டொயோட்டா ஜிஆர் யாரிஸின் குட்டி மூன்று சிலிண்டர் எஞ்சின்கூட 1,618 சிசி. 2023 அக்டோபரில் அந்தப் பிரிவின் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கும். பத்தாண்டு மட்டுமே செல்லும் அந்தத் தாளின் விலை எம்எக்ஸ்–5க்கும் போர்ஷேவுக்கும் ஒன்றுதான். கூடுதல் பதிவுக் கட்டணத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. பொதுச் சந்தை மதிப்பு 40,000 வெள்ளி என்றால் அந்தக் கட்டணம் 48,000. மதிப்பு 80,000 என்றால் 136,000. மதிப்பு இரட்டிக்கும்போது கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஜிஆர்86க்குச் சுமார் 1,670 வெள்ளி, இரண்டு லிட்டர் டைப் ஆருக்கு 1,200, மூன்று லிட்டர் எம்2வுக்கு 2,400, நான்கு லிட்டர் போர்ஷே கேமனுக்கு 4,000ஐ நெருங்கும். பத்து வயது தாண்டிச் சான்றிதழ் புதுப்பித்த பழைய கார் என்றால் வரியின்மேல் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறி, ஐம்பதில் நிற்கும். ஆனாலும் புதுப்பித்த கார்களை ஒதுக்கிவிடாதீர்கள். 2012இல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா 86, அதற்கும் முந்தைய எஃப்டி2 டைப் ஆர் ஆகியவை இன்றும் நம் சாலைகளில் பார்க்கக் கிடைக்கின்றன. 8,000 சுற்றில் 225 குதிரைசக்தி தரும் அந்த எஃப்டி2 எஞ்சினின் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. நெடும்பயணத்துக்கு மட்டும் அதைச் சொல்ல மாட்டேன். அதன் சஸ்பென்ஷன் அத்தனை இறுக்கம். யோங் பெங் வருவதற்குள் இடுப்பு பேசத் தொடங்கிவிடும்.

யாருக்கு எது

தனி ஆள், அல்லது இருவர் மட்டும் என்றால் எம்எக்ஸ்–5இல் கிடைக்கும் மகிழ்ச்சி வேறெதிலும் இல்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். ஆனால் பெட்டி வைக்க 130 லிட்டர் இடம்தான். ஹெல்மெட், ஜாக்கி, டார்க் ரெஞ்ச், மாற்று பிரேக் பேட், இரண்டு நாள் துணி இவ்வளவையும் அதில் அடுக்கிப் பாருங்கள், உடன் வருபவர் மடியில் ஒரு பை இருக்கும். துணிக்கூரையில் 110 கிலோமீட்டர் வேகக் காற்றிரைச்சல் மூன்று மணி நேரம் காதில் இருக்கும். தடத்தைவிட மலைப்பாதை உங்களை அதிகம் இழுக்கிறது என்றால், இதையே எடுங்கள்.

ஜிஆர்86 இந்தப் பட்டியலிலேயே நேர்மையான கார். 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், டர்போ இல்லை, பின்சக்கர இயக்கம். பின் இருக்கையில் பெரியவர்கள் உட்கார முடியாது. ஆனால் அதை மடக்கினால் நான்கு டயர் உள்ளே போகும். முதல் தலைமுறையிலிருந்தே அந்தக் கணக்கோடு வடிவமைத்த கார் இது. நம் பிரச்சினைக்கு இதைவிடப் பொருத்தமான வசதி கிடையாது. சாலை டயரில் செபாங் போய், அங்கே தட டயர் மாட்டி, மாலையில் மறுபடி சாலை டயருக்கு மாறித் திரும்பலாம்.

இது ஏன் அத்தனை முக்கியம் என்றால், மழை. 2009 மலேசிய கிராண்ட் பிரீ மழையால் பாதியில் நின்று, ஓட்டுநர்களுக்குப் பாதிப் புள்ளிதான் கிடைத்தது. அதே மழைதான் மாலையில் பாகோவுக்கும் மாச்சாப்புக்கும் நடுவே நம்மேல் கொட்டும். வரிப்பள்ளம் குறைந்த அரைப்பந்தய டயர் தேங்கிய நீரில் தரையை விட்டு மிதக்கத் தொடங்கிவிடும். பகலெல்லாம் தேய்த்த டயர் என்றால் இன்னும் மோசம். ஒருமுறை அப்படித் திரும்பியிருக்கிறேன். லாரிகளுக்குப் பின்னால் 60இல் ஊர்ந்து, ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அதன்பிறகு டயர் மாற்றாமல் நான் திரும்பியதில்லை.

குடும்பம் இருக்கிறது, கார் ஒன்றுதான் என்பவர்களுக்கு எஃப்எல்5 டைப் ஆர். நான்கு பேர் உண்மையாகவே உட்காரலாம்; பின்னால் 410 லிட்டர் இடம். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குச் சிறப்பு இருக்கை கட்டாயம் என்ற சட்டத்தையும் இது தாங்கும். தைப்பூசத்துக்கு அம்மாவை பத்துமலைக்கு அழைத்துப்போகும் காரிலேயே அடுத்த வாரம் செபாங்கில் சுற்றலாம். சஸ்பென்ஷனை மென்மைக்கு மாற்றிவிட்டால் ஈப்போவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முன்சக்கர இயக்கம் என்று சிலர் முகம் சுளிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நனைந்த நெடுஞ்சாலையில் அதுவே உங்களைக் காக்கும். ஒரே தடை, கிளட்ச். இந்தக் கார் கைக்கியரில் மட்டுமே வருகிறது. உங்கள் உரிமம் 3ஏ வகுப்பு என்றால் ஓட்டவே முடியாது. காரைப் பார்க்கப் போகுமுன் அட்டையைப் பாருங்கள்.

தானியங்கிக் கியர்தான் வேண்டுமென்றால் ஜிஆர்86, ஜிஆர் யாரிஸ், எம்2, கேமன் எல்லாவற்றிலும் உண்டு. யாரிஸ் சிறியது, நான்கு சக்கர இயக்கம், மழையில் சிங்கம். ஆனால் பின் இருக்கையும் பெட்டியும் பெயரளவுக்குத்தான். எம்2 நெடுஞ்சாலையில் அரசன்போல் போகும், தடத்தில் எடையின் விலையை பிரேக்கிலும் டயரிலும் வசூலிக்கும். பினாங்குக்குப் பத்து முறையும் செபாங்குக்கு ஒரு முறையும் போகிறவருக்கு அது சரி.

காரை மட்டும் வைத்துச் சொன்னால் எல்லாவற்றிலும் சிறந்தது போர்ஷே 718 கேமன். எஞ்சின் நடுவில், எடை 1,350 கிலோவை ஒட்டி, முன்னும் பின்னும் பெட்டி, மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காத இருக்கை. ஆனால் வழக்கமான மோட்டார் காப்புறுதி மேற்கு மலேசியாவிலும் தாய்லாந்து எல்லையை ஒட்டியும் செல்லுமே தவிர, பந்தயத் தடத்துக்குள் செல்லாது. சுவரில் மோதினால் முழுச் செலவும் உங்களுடையது. அந்தச் செலவை நினைத்து ஒவ்வொரு வளைவிலும் கால் நடுங்கினால் அந்தக் காரால் பயனில்லை. இழந்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய காரையே தடத்துக்குக் கொண்டுபோங்கள்.

மின்சாரக் காரை இந்த வேலைக்கு நான் இன்னும் பரிந்துரைக்கவில்லை. ஐயோனிக் 5 என் தடத்துக்கென்றே தயாரானது, அதன் வேகம் வியக்கவைக்கிறது. ஆனால் முழு வேகத்தில் சில சுற்றுகள் முடிந்ததும் சார்ஜருக்காகக் காத்திருந்து, திரும்பும் வழிக்கும் மின்சாரம் சேமிக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வீட்டுக் காரிலேயே வசதியாகப் போய், பந்தயத்துக்குத் தயார்செய்த சிறிய காரை அங்கே ஒருநாள் வாடகைக்கு எடுப்பது. ஆண்டுக்கு இரண்டு முறைதான் போவீர்கள் என்றால் கணக்கில் இதுவே வெல்லும்.

எதை வாங்கினாலும் முதல் செலவை எஞ்சினில் போடாதீர்கள். காக்கி புக்கிட்டில் என் கார் பார்க்கும் தம்பி முதல் நாளே சொன்னது இதுதான்: “அண்ணே, பவர் அப்புறம். முதல்ல பிரேக் ஆயிலை மாத்துங்க.” பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தில் புதுத் திரவம் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடலாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைச் சொல்லவா வேண்டும்? திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பேட் நகராது. தட நாளுக்கு முன் திரவத்தைப் புதிதாக மாற்றுங்கள். சூட்டில் டயர்க் காற்றழுத்தம் ஏறும் என்பதால் தடத்தில் குறைத்து, கிளம்புமுன் பழையபடி நிரப்புங்கள். அளவுமானியும் சிறு பம்பும் காரிலேயே இருக்கட்டும்.

எல்லையில், மலேசிய வாகன நுழைவு அனுமதி இல்லாமல் போனால் 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம். சிங்கப்பூரைவிட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். அங்கே ரான்95 நமக்கு விற்க மாட்டார்கள். 97 போடுங்கள், இந்த எஞ்சின்களுக்கும் அதுவே நல்லது.

வாங்குமுன் ஒரு சோதனை. விற்பவர் விரைவுச்சாலைக்கு அழைத்துப்போவார். அங்கே எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு சிராங்கூன் சாலையில் எடுங்கள். தேக்காச் சந்தையிலிருந்து வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி பெருமாள் கோயில்வரை, கூட்டத்தோடு கூட்டமாக ஊர்ந்து போங்கள். கிளட்ச் கால் வலிக்கிறதா, வெப்பமானி முள் ஏறுகிறதா, குளிர்சாதனம் தாங்குகிறதா, குறுக்கே கடப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா என்று பாருங்கள். பிறகு ஒரு பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஏற்றி, சரிவில் முன் பம்பர் உரசுகிறதா என்று கேளுங்கள். செபாங்கிலிருந்து திரும்பும் ஞாயிறு இரவில், துவாஸ் சோதனைச்சாவடியில் ஒன்றரை மணி நேரம் இதே ஊர்தல்தான் காத்திருக்கிறது. அப்போது உங்கள் காலும் களைத்திருக்கும், காரும் களைத்திருக்கும்.