இரண்டாவது காரை விற்பவர் யார்?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சொகுசு கார் ஷோரூமில் சேர்ந்த சில மாதங்களிலேயே இப்படியொரு கேள்வி உன் மனதில் எழுந்ததில் எனக்கு மகிழ்ச்சி. “பாதி விலைக் காரிலும் சன்ரூஃப் இருக்கிறது, காற்று வரும் சீட் இருக்கிறது, ஏர்பேக்கும் குறைவில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு வாங்குகிறோம் சித்தப்பா, முன்னால் இருக்கும் லோகோவுக்கா?” என்று கேட்டிருக்கிறாய்.

ஆமாம். அந்தக் கூடுதல் பணத்தில் நல்ல பங்கு லோகோவுக்குத்தான் போகிறது. அதை விற்பதில் நீ கூச வேண்டியதில்லை. ஆனால் அந்த லோகோவுக்கு அந்த விலை எப்படி வந்தது, எப்படிப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு விற்க வேண்டும்.

ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டன் என்றொரு கார் 2002-ல் வந்தது. அந்த நிறுவனத்தை அப்போது நடத்திய ஃபெர்டினாண்ட் பியெஹ், பென்ஸுக்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் சமமாக நிற்கும் ஒரு செடானைத் தன் பொறியாளர்களிடம் கேட்டார். வெளியே 50 டிகிரி வெயிலில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க ஓடினாலும் உள்ளே 22 டிகிரியிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. இதைக் கட்டுவதற்கென்றே டிரெஸ்டன் நகரத்தின் நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த தொழிற்சாலை எழுந்தது. மேப்பிள் மரத்தரையில் வெள்ளை உடுப்புப் போட்ட தொழிலாளர்கள் காரின் பாகங்களைப் பூட்டுவதை வாடிக்கையாளர் நேரில் வந்து பார்க்க முடிந்தது. ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் பாராட்டினார்கள். ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. அமெரிக்காவிலிருந்து 2006-ல் பின்வாங்கினார்கள். 2016-ல் தயாரிப்பே நின்றது. அத்தனை ஆண்டுகளிலும் விற்றது ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

இதே நிறுவனம் 1998-ல் பென்ட்லியை வாங்கியிருந்தது. ஃபேட்டனின் அடித்தளத்தையே எடுத்து, அதே 6 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜினில் இரண்டு டர்போ சேர்த்து, பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி.யும் நான்கு கதவுள்ள ஃப்ளையிங் ஸ்பரும் செய்தார்கள். சில காலம் ஃப்ளையிங் ஸ்பர் அதே டிரெஸ்டன் கண்ணாடிக் கூடத்தில்தான் உருவாக்கப்பட்டது. ஆண்டுக்கு ஆயிரம் கார் அளவில் விற்றுக்கொண்டிருந்த பென்ட்லி 2007-ல் 10,000-ஐத் தாண்டியது. அடித்தளமும் பொறியாளர்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பென்ட்லியின் விலை மிக அதிகம், இருந்தும் மக்கள் அதைத்தான் வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் ஏமாளிகள் என்று நீ நினைத்துவிடாதே. உன் ஷோரூமுக்கு வரும் திருப்பூர் ஏற்றுமதியாளரை யோசித்துப் பார். வெளிநாட்டிலிருந்து வரும் பையரை விமான நிலையத்தில் அவர் அந்தக் காரில்தான் ஏற்றுகிறார். இவர் தொழில் நன்றாக நடக்கிறது, கொடுத்த ஆர்டரைத் தாங்குவார் என்ற எண்ணத்தை அந்தக் கார் உண்டாக்குகிறது. அதற்கு அவர் தெரிந்தேதான் பணம் கொடுக்கிறார். ஆனால் அந்த எண்ணம் காரைப் பார்க்கிறவர் மனதில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஃபேட்டனைப் பார்த்தவர்களுக்கு அதே நிறுவனத்தின் சிறிய கார்களான போலோவும் கோல்ஃபும்தான் நினைவுக்கு வந்தன. கார் எவ்வளவு நன்றாக இருந்தும் அதன் உரிமையாளருக்கு அது உதவவில்லை.

இதற்கு நேர்மாறானது கேடிலாக் கதை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் சொகுசு என்றால் அந்தப் பெயர்தான். எரிபொருள் விலை ஏறி, சின்ன கார்களுக்கு மவுசு வந்த நேரத்தில், அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் சாதாரண ஷெவர்லே கவாலியரையே எடுத்து, தோல் சீட்டும் அலங்காரமும் போட்டு, 1981-ல் கேடிலாக் சிமரான் என்று கொண்டுவந்தது. ஏழு ஆண்டுகளில் அதை நிறுத்தினார்கள். தாத்தா சேர்த்து வைத்த சொத்தைப் பேரன் விற்றுத் தின்ற கதை அது. நஷ்டம் அந்த ஒரு மாடலோடு நிற்கவில்லை. அடுத்து வந்த நல்ல கேடிலாக்கையும் மக்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது லெக்ஸஸைப் பற்றி. 1983-ல் டொயோட்டாவின் எய்ஜி டொயோடா, உலகின் சிறந்த சொகுசு காரைச் செய்ய முடியுமா என்று தன் ஆட்களைக் கேட்டார். 1989 செப்டம்பரில் எல்.எஸ். 400 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விலை சுமார் 35,000 டாலர். எதிரே நின்ற ஜெர்மன் கார்களுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். டொயோட்டா என்ற பெயரில் அமெரிக்கர்கள் இதை வாங்க மாட்டார்கள் என்று தெரிந்து லெக்ஸஸ் என்ற புதுப் பெயர், தனி ஷோரூம் வைத்தார்கள். (அதே கார் ஜப்பானில் டொயோட்டா செல்சியர் என்றே விற்றது. அங்கே டொயோட்டாவின் கிரவுனும் செஞ்சுரியும் தலைமுறைகளாகப் பெரிய மனிதர்களின் கார்கள். மதிப்பு ஊருக்கு ஊர் மாறும்.)

கடை திறந்து மூன்றே மாதத்தில், அந்த டிசம்பரில், இரண்டு வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொடர்ந்து, அதுவரை விற்ற சுமார் 8,000 கார்களையும் லெக்ஸஸ் சரிபார்க்க அழைத்தது. முதல் அடியிலேயே பெயர் கெட்டிருக்க வேண்டிய நேரம். அவர்கள் மெக்கானிக்குகளை வீடுகளுக்கு அனுப்பினார்கள். காரை எடுத்துப்போய்ச் சரிசெய்து, கழுவி, டேங்க்கை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 20 நாளில் மொத்த வேலையும் முடிந்தது. அந்தக் கவனிப்பு ஊரெல்லாம் பேசப்பட்டது. பரம்பரை எதுவும் இல்லாத பெயருக்கு மரியாதை அப்படித்தான் வந்தது.

லோகோ முதல் காரை விற்றுக் கொடுத்துவிடும். இரண்டாவது காரை சர்வீஸ் சென்டர்தான் விற்க வேண்டும். இதை உன் ஷோரூமில் எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்களோ தெரியாது. பழைய வாடிக்கையாளர் என்றால் ‘லாயல்டி போனஸ்’ என்று ஒரு தொகையைக் கழிப்பீர்கள். அது வெறும் தள்ளுபடி, பக்கத்துக் கடை ஐம்பதாயிரம் கூடக் குறைத்தால் அவர் போய்விடுவார். டிசம்பரில் ஸ்டாக்கைத் தீர்க்க அள்ளிக் குறைத்தால், ஜூனில் முழு விலை கொடுத்தவரின் காருக்கு மறுவிற்பனை மதிப்பும் விழும். அவர் அதை மறக்க மாட்டார்.

நம் ஊரில் இன்னொரு விஷயம் உண்டு. இங்கே இந்த வகை செடானின் முதலாளி பின் சீட்டில் உட்காருகிறார். அதனால்தான் மெர்சிடிஸ் 2017-ல் இ-கிளாஸை நீளமாக்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் காரின் ஒவ்வொரு சத்தமும் தெரிந்தவர் முன்னால் இருக்கும் டிரைவர். சர்வீஸுக்குக் கொண்டுவருபவரும் அவரே. அவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு முதலாளிக்கு மட்டும் காபி கொடுக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது. மரியாதைக் குறைவு ஒரு பக்கம், வியாபாரத்துக்கும் அது கேடு. “இந்த வண்டி நமக்கு வேண்டாம் சார், எதைச் சொன்னாலும் அங்கே காதில் வாங்க மாட்டார்கள்” என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது. டிரைவர் அண்ணனுக்கும் நாற்காலி போடு. வண்டியில் என்ன குறை என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்.

கடன் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இந்தக் காரை எடுக்க வரும் இளைஞர்களும் இருப்பார்கள். அவர்களிடம் இன்ஷூரன்ஸ், டயர், வாரன்டி முடிந்தபின் உதிரிபாகங்களின் விலை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடு. அந்த மாதக் கணக்கில் ஒரு விற்பனை குறைந்தால் குறையட்டும்.

உன் மேலாளரிடம் ஆறு மாதம் சர்வீஸ் பிரிவில் போடச் சொல்லிக் கேள். பதவி இறக்கம் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் பேசுவார்கள், உன் அப்பாவும் போனில் என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ கேட்டுப் பார், என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா