நகராட்சி வண்டியும் ஒப்பந்தப்புள்ளியும்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டின் மறைவில் விரல் பற்றி விலை பேசுவதை நாம் கண்டிருக்கிறோம். வாங்குபவர் தம் பணத்தைக் கொடுக்கிறார். ஆகையால் அந்த மறைவைப் பற்றிப் பிறர் கேட்பதற்கில்லை. ஆனால் நகராட்சியோ ஊராட்சியோ ஒரு வண்டி வாங்கும்போது செலவாவது பொதுமக்களின் பணம். அங்கே விலைகள் மூடிய உறையில் பெறப்பட்டு, குறித்த நேரத்தில் பலர் முன்னிலையில் திறக்கப்படவேண்டும். இதுவே ஒப்பந்தப்புள்ளி முறை. நமது மாநிலத்தில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் இதனை நெறிப்படுத்துகின்றன.

குழாய்ச் சாமான்கள் ஏற்றிச் செல்ல ஒரு நகராட்சிக்குப் பிக்கப் வண்டி தேவை என்று கொள்வோம்.

1. தேவையை எழுதுதல்

வண்டி சுமக்கவேண்டிய எடை, பெட்டியின் நீளம், எரிபொருள், உத்தரவாதக் காலம், பழுது பார்க்கும் நிலையம் இருக்கவேண்டிய தூரம் ஆகியவற்றை எழுதவேண்டும். ஒரு கம்பெனியின் பெயரை எழுதிவிட்டால் மற்றவர்கள் விலகிவிடுவர், போட்டி அற்றுப்போகும். வேலையை எழுதுக; பெயரை எழுதற்க.

2. விலையை ஒப்பிடுதல்

ஒருவர் 9,00,000 ரூபாய் என்கிறார். மற்றவர் 9,60,000 ரூபாய் என்கிறார். முதல்வரின் விலையில் பெட்டி கட்டும் கூலியும், பதிவுக் கட்டணமும், காப்பீடும் சேரவில்லை. அவற்றுக்கு 85,000 ரூபாய் கூட்டினால் 9,85,000 ஆகிறது. இரண்டாமவர் விலையில் யாவும் அடக்கம். எனவே குறைந்த விலை இரண்டாமவருடையதே. விலையில் எவையெவை அடங்கவேண்டும் என்பதை அறிவிப்பிலேயே கூறிவிட்டால் இக்குழப்பம் எழாது.

3. கால அவகாசம்

இரண்டு கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் குறைந்தது 15 நாட்கள் அவகாசம் தரவேண்டும் என்பது விதி. அவகாசம் குறைந்தால் தொலைவிலுள்ள சிறு வியாபாரிக்குச் செய்தியே எட்டாது.

4. உறைகளைப் பிரித்து வைத்தல்

இரண்டு உறை முறையில், தகுதியும் வண்டியின் விவரங்களும் ஓர் உறையில்; விலை மற்றோர் உறையில். முதல் உறையில் தேறியவரின் விலையுறையே திறக்கப்படும்.

2014-ஆம் ஆண்டில் நான் பணிபுரிந்த வட்டாரத்தை அடுத்த ஒரு நகராட்சியில், உள்ளூர் விற்பனையாளர் ஒருவர் விலைத்தாளைத் தவறுதலாக முதல் உறையிலேயே வைத்துவிட்டார். நிபந்தனைப்படி அவருடைய புள்ளி தள்ளுபடியாயிற்று. அவர் கேட்டிருந்த விலையே குறைவு. அவருக்கு வியாபாரம் போயிற்று. நகராட்சிக்குக் கூடுதல் செலவாயிற்று. விதியைத் தளர்த்தியிருக்கலாமே என்று சிலர் கேட்டனர். இன்று வேண்டியவருக்குத் தளர்த்தினால், நாளை வேண்டாதவருக்கு மறுக்க நேரும். அடுத்த முறை அந்நகராட்சியார் விற்பனையாளர்களை முன்கூட்டியே அழைத்துப் படிவங்களை விளக்கினர். அதுவே தக்க பரிகாரம். இப்பொழுது ஒப்பந்தப்புள்ளிகள் இணையவழியில் பெறப்படுகின்றன. எனினும் இப்பாடம் மாறவில்லை.

அங்கத்தினர்களே! அடுத்த கூட்டத்தில் ஒரு கொள்முதல் தீர்மானம் வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: தேவை தெளிவாக எழுதப்பட்டதா? போதிய நாட்கள் தரப்பட்டனவா? விலையில் எல்லாம் அடங்கியுள்ளனவா? இக்கேள்விகளைக் கேட்பது அதிகாரிகளின்மீது ஐயுறுவதாகாது. மக்களின் பணத்துக்குக் காவல் நிற்பதாகும்.