வாணிக எழுத்தும் செயற்கை நுண்ணறிவும்

எழுத்து வன்மை புலவர்க்கும் ஆசிரியர்க்கும் மாத்திரம் வேண்டப்படுவதன்று. வாணிகஞ் செய்வோர்க்கும் அஃது இன்றியமையாதது. நமது கல்லூரியிற் பயின்று வெளியேறியோருள் வைத்தியரும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் உளர். அவர்களோடு ஒப்பச் சிறு கடை நடத்தி நேர்மையாக வாழ்வோரும் பலர். இவர்கள் நாடோறும் எழுதும் எழுத்தைப் பற்றி விழா மலர்கள் பேசுவது அரிது. இன்றோ அவ்வெழுத்தை எழுதித் தருவதற்கென ஒரு கருவி வந்துள்ளது. அக்கருவியை எவ்விடத்துக் கொள்ளலாம், எவ்விடத்துத் தள்ளல் வேண்டும் என்பதை ஆராய்வதே நமது நோக்கமாகும்.

கருவியின் இயல்பு

செயற்கை நுண்ணறிவு பல வகைப்படும். ஈண்டு நாம் கருதுவது கேட்டதற்கு ஏற்ப எழுதித்தரும் வகையையே. 2017இல் கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளர் சிலர் வெளியிட்ட கணிப்பு முறையொன்றை அடிப்படையாகக் கொண்டு இது வளர்ந்தது. 2022 நவம்பரிற் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தபின் உலகெங்கும் பரவியது. மனிதர் எழுதிவைத்த அளவிறந்த நூல்களையும் இணையப் பக்கங்களையும் கொண்டு பயிற்றப்பட்ட இக்கருவி, முன்வந்த சொற்களை நோக்கி அடுத்து வரத்தக்க சொல் யாது எனக் கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கின்றது. அமைந்த வாக்கியம் பெரும்பாலும் செவிக்கு இயைந்ததாய் இருக்கும். ஆயின், இயைந்தது யாவும் உண்மையாய் இருக்கும் என்னும் உறுதி அம்முறையில் இல்லை. இவ்வொன்றை மனத்தில் இருத்துவோர்க்கு மற்றையவெல்லாம் எளிதில் விளங்கும்.

கடையின் எழுத்து வேலைகள்

யாழ்ப்பாணத்திலே பனம்பொருள் விற்கும் சிறு கடையொன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு என்பனவும், நீத்துப்பெட்டி, சுளகு முதலிய ஓலைப் பொருள்களும் அங்கு விற்கப்படுகின்றன. பொதிகளிற் சுட்டுத்துண்டு ஒட்டல் வேண்டும். விலைப்பட்டியல் எழுதல் வேண்டும். கொழும்பிலுள்ள கடைக்காரருக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கடிதம் அனுப்பல் வேண்டும். கனடாவிலிருந்து கைத்தொலைபேசியில் வரும் கேள்விகளுக்கு மறுமொழி கூறல் வேண்டும். பகல் முழுதும் நிறுத்து விற்றுக் களைத்தவர் இரவில் இவற்றையெல்லாம் எழுதுவது எளிதன்று. ஆதலின் இக்கருவியை நாடுவோரைக் குறைகூறல் பொருந்தாது. கடிதத்தின் அமைப்பு, மரியாதைத் தொடர், பந்தி பிரித்தல் என்பவற்றிலே அது மெய்யாகவே உதவுகின்றது.

நன்னூல் காட்டும் அளவுகோல்

அது தரும் எழுத்தை எதனைக்கொண்டு அளப்பது? புதிய அளவுகோல் தேடவேண்டியதில்லை. பவணந்தி முனிவர் தமது நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்துள்ளார். நாவலர் காண்டிகையுரையோடு அந்நூலைக் கற்ற பரம்பரை நம்முடையது. அவற்றுட் சிலவற்றை இக்கடையின் எழுத்தோடு பொருத்திக் காண்போம்.

முதலாவது, மிகைபடக் கூறல். பனங்கட்டிக்கு ஒரு விளம்பரம் எழுதுக என மாத்திரம் கேட்டால், “சர்க்கரை நோயாளரும் அச்சமின்றி உண்ணலாம்” என்பது போன்ற ஒரு வாக்கியம் வந்து விழக்கூடும். அவ்வாறு பலர் எழுதியிருத்தலே காரணம். உண்மை யாது? பாளை சீவிச் சுண்ணாம்பு தடவிய முட்டியிற் சேர்த்த கருப்பநீரைக் காய்ச்சிப் பெறுவது பனங்கட்டி. அதன் பெரும்பகுதி சுக்குரோசு என்னும் வெல்லமாகும். நாம் தேநீருக்கு இடும் சீனியும் அதுவே. அவ்விளம்பரத்தை நம்பி நோயாளர் ஒருவர் உண்பாராயின் விளைவது சொற்குற்றம் அன்று, உயிருக்கு இடர். இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், பொய்யாகவோ மயக்கந் தரும்படியாகவோ உணவுப் பொருளுக்குச் சுட்டுத்துண்டு இடுவதையும் விளம்பரஞ் செய்வதையும் தடுக்கின்றது.

இரண்டாவது, மயங்க வைத்தல். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். முன்னையது மாவாக இடித்துக் கூழுக்கும் பிட்டுக்கும் ஆவது. பின்னையது அப்படியே மென்று தின்னத்தக்கது. கருவியோ இரண்டனையும் “உலர்ந்த பனங்கிழங்கு” என ஒருபெயராற் குறித்துவிடலாம். ஊரில் வளர்ந்தவர் பார்த்தறிவர். வெளிநாட்டிற் பிறந்த பேரப்பிள்ளை எவ்வாறு அறியும்?

மூன்றாவது, வெற்றெனத் தொடுத்தல். தரம், பாரம்பரியம், நம்பிக்கை, சுவை எனச் சொற்களை அடுக்கிச் செல்வது இக்கருவிக்கு மிக எளிது. அவ்வடுக்கில் ‘பனங்கட்டி’யை எடுத்துவிட்டுச் ‘சவர்க்காரம்’ என இட்டாலும் வாக்கியம் குறைவின்றி நிற்குமாயின், அது பனங்கட்டியைப் பற்றி எதுவும் கூறவில்லை என்பது வெளிப்படை.

நான்காவது, குன்றக் கூறல். அலங்காரம் நிறைந்த அறிவித்தலிலே நிறை இல்லை, விலை இல்லை, எத்துணைக் காலம் வைத்து உண்ணலாம் என்பது இல்லை. வாங்குபவர் முதலிற் கேட்பவை இவையே.

குற்றமென்று சொல்லத்தகாதனவாயினும் நம் கடைக்குப் பொருந்தாத சொற்களும் உண்டு. தமிழகத்து எழுத்து மிகுதியாதலின், கருவி பனங்கட்டியைக் கருப்பட்டி என்றும், கருப்பநீரைப் பதநீர் என்றும் எழுதும். அவை ஆங்கு நல்ல வழக்கே. எனினும் நம்மூர்க் கடையின் சுட்டுத்துண்டில் நம்மூர்ப் பெயர் நிற்பதே முறை. அப்பெயரைக் கடைக்காரரே எழுதாது விடின், வேறு யார் எழுதுவர்?

பொறுப்பு யாருடையது?

பனங்கட்டி உருகிவிட்டது என ஒருவர் முறையிட்டதாகக் கொள்வோம். மறுமொழி எழுதுமாறு கேட்டால், முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என உரிமையாளர் எண்ணாத வாக்குறுதியையும் கருவி சேர்த்துவிடலாம். எழுதியது கருவி என்று பின்னர் விலகிக்கொள்ள இயலுமா?

2024 பெப்ரவரியிற் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று இதற்கு விடை தந்தது. எயர் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்திலே மறுமொழி கூறும் கருவி, உறவினரை இழந்த பயணியொருவருக்குக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவல் தந்திருந்தது. அக்கருவி தன் செயலுக்குத் தானே பொறுப்பானது என்னும் வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. நிறுவனமே நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. பெரிய நிறுவனத்துக்கு அது சிறு தொகை. சிறு கடைக்கோ நம்பிக்கையே முதல். அதனை இழந்தபின் ஈடுசெய்தல் அரிது.

கைக்கொள்ளும் முறை

ஆதலின், கருவியைப் பயன்படுத்துவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

1. பொருளின் பெயர், செய்முறை, நிறை, விலை, காலவெல்லை என்பவற்றை முதலில் தாமே குறித்துக்கொள்க. அக்குறிப்பைக் கொடுத்து, “இதில் இல்லாத எதனையும் சேர்க்காதே” எனக் கட்டளையிடுக.

2. கட்டளையிட்டதனால் அமைதியுறாது, வந்த எழுத்தைக் குறிப்போடு வரிவரியாக ஒப்புநோக்குக. குறிப்பில் இல்லாதது கண்டால் நீக்குக.

3. நோய், மருந்து, பணம், வாக்குறுதி ஆகிய நான்கினையும் பற்றிய வாக்கியங்களைத் தாமே எழுதுக.

4. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பெற்ற கடிதத்தை அம்மொழி அறிந்தார் ஒருவர்க்குக் காட்டியபின் அனுப்புக.

5. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் என்பவற்றைக் கருவியில் இடாதொழிக. பிறர் விவரம் நம்மிடத்து அடைக்கலப் பொருள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதன் பாதுகாப்புக்கென இயற்றப்பட்டது.

மாணவர்க்கு ஒரு சொல். கருவி எழுதித் தருமாயின் கட்டுரைப் பயிற்சி எதற்கு என நீங்கள் வினவுதல் கூடும். மேற்கூறிய குற்றங்களைக் கண்டு களைய வல்லவர் யாவர்? தாமே எழுதிப் பழகியவர். எழுதிப் பழகாதவர்க்குக் கருவி தந்தது யாவும் நன்றாகவே தோன்றும். அவர் அதன் ஏவலாளர் ஆவர். உங்கள் வீட்டிலுள்ள பொருளொன்றைப் பற்றி ஐந்து வரி நீங்களே எழுதி, கருவியையும் எழுதச் செய்து, இரண்டனையும் நன்னூற் குற்றம் பத்துங்கொண்டு சோதித்துப் பாருங்கள். பாடம் அங்கே தொடங்கும்.

கடை சிறிதாயினும் அதன் வாயிலில் எழுதப்பட்ட சொல் உரிமையாளரின் வாய்ச்சொல்லே ஆகும். தராசு பொய்க்காது காப்பவர் தம் எழுத்தும் பொய்க்காது காப்பாராக.