பாகவதரை வீழ்த்தியது எது?

கிட்வாய் நகரில் தமிழன்பர் நால்வர் கூடிப் பழைய படங்களைப் பற்றிப் பேசினால், எம். கே. தியாகராஜ பாகவதர் பெயர் வராமல் இராது. "சிறைவாசம் அவரைக் கெடுத்துவிட்டது" என்ற தீர்ப்பும் உடனே வரும். விதியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாமும் காபியை முடித்து எழுந்துவிடுகிறோம். அத்தீர்ப்பு முற்றும் சரிதானா என்று ஆராய்வதே என் நோக்கம்.

மாயவரத்தில் 1910-ல் பிறந்து, திருச்சியில் வளர்ந்த பாகவதர் நாடக மேடையில் பாடிப் புகழ் பெற்றவர். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடுபவனே அன்றைய கதாநாயகன். 1934-ல் 'பவளக்கொடி' வாயிலாக அவர் திரைக்கு வந்தபோது, திரையும் மேடையின் வழக்கத்தையே கைக்கொண்டிருந்தது. அப்படத்தில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள்! நடிப்பவரே பாடவும் வேண்டும் என்பது அக்கால விதி. அவ்விதிக்கு ஏற்றவர் பாகவதர். 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' (1937), 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943) எனப் புகழ் வளர்ந்தது.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945-ல் ஆயுள் தண்டனை பெற்றனர். மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்குமாறு லண்டன் பிரிவி கவுன்சில் பணித்தது. 1947-ல் இருவரும் விடுதலையாயினர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர் சிறையில் இருந்த காலத்திலும் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் ஓடி, மூன்று தீபாவளிகளைக் கண்டது. கைதி என்று மக்கள் வெறுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆயின் வெளியே வந்தவர் கண்டது வேறொரு திரையுலகம். ஒருவர் நடிக்க, மற்றொருவர் பாடும் பின்னணி முறை வேரூன்றிக்கொண்டிருந்தது. புதுமைப்பித்தன் வசனம் எழுதிய 'ராஜமுக்தி' 1948-ல் தோற்றது. 1952-ல் 'அமரகவி' வந்தது. அதே ஆண்டுத் தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தது. அதில் சிவாஜி கணேசனுக்காகப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன். மக்கள் மனப்பாடம் செய்ததோ மு. கருணாநிதியின் வசனத்தை! பாட்டைக் கடன் வாங்கலாம் என்றான பிறகு, பாடத் தெரிந்த நாயகனுக்கு என்ன தனிச் சிறப்பு?

சிறை அவருடைய ஆண்டுகளைப் பறித்தது உண்மை. மாறுதலோடு சேர்ந்து மாறியிருக்க வேண்டிய ஆண்டுகள் அவை. ஆனால் அவர் குரல் போகவில்லை. அந்தக் குரலுக்காகவே படம் எடுத்த காலந்தான் போயிற்று. 1959 நவம்பர் 1-ஆம் நாள், ஐம்பது வயது நிரம்பு முன்பே மறைந்தார். கடைசிப் படமான 'சிவகாமி' 1960-ல்தான் வெளிவந்தது.

நண்பர்களே, பதினான்கே படங்களில் நடித்தவரை இன்றும் பேசுகிறோம். அவர் வாழ்வை விதியின் கதையாகச் சொல்வது எளிது. தொழிலின் இலக்கணம் மாறும்போது தேர்ந்தவரும் திகைத்து நிற்க நேரும் என்று உணர்வதே அவருக்கு நாம் செய்யும் நியாயம்.